துடைக்காததா குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வியட்நாம் போர்க் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் அமெரிக்க வீரர்களின் எம்-16 துப்பாக்கி சண்டை நடுவே சுடாமல் சிக்கி நின்றதற்குக் காரணம் "வீரர்கள் சரியாகச் சுத்தம் செய்யாததே" என்று ஒரு வரியில் முடித்திருந்ததுதான் மனதை உறுத்தியது. அன்றைக்கே அந்தப் பையன்கள்மேல் போட்ட பழி இது. இன்னும் இறங்கவில்லை.

நான் நம் ராணுவத்தில் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி தூக்கியவன். புல்-த்ரூ என்ற துடைக்கும் கயிற்றில் துணியைக் கோத்துத் துப்பாக்கிக் குழாய்க்குள் இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினால்தான் எங்கள் ஹவில்தார் விடுவார். வியட்நாமுக்குப் போனவர்களிடமோ, இதற்குப் பராமரிப்பே அதிகம் வேண்டாம் என்ற பேச்சோடுதான் துப்பாக்கி வந்து சேர்ந்தது. துடைக்கும் சாமான் பலருக்குக் கிடைக்கவே இல்லை.

சரி, துடைத்திருந்தால் மட்டும் தீர்ந்திருக்குமா? யூஜின் ஸ்டோனர் இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தபோது தோட்டாவில் இருந்த வெடிமருந்து வேறு. ராணுவம் அதை மாற்றியது. புது மருந்தில் கசடு அதிகம். சுடும் வேகமும் கூடிவிட்டது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சும் கொடுக்கவில்லை. அந்த ஊர் ஈரத்தில் அறைச் சுவர் துருப்பிடித்துச் சொரசொரத்துப் போகும். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு அதில் கவ்விக்கொள்ளும். கூட்டை வெளியே இழுக்கப் பின்னால் பாயும் போல்ட் என்ற பாகம், கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு தனியாக வந்துவிடும்.

அப்புறம் ஒரே வழிதான். துடைக்கும் கம்பியின் துண்டுகளைத் திருகிச் சேர்த்து, குழாயின் வாய் வழியாக விட்டு, கூட்டைக் குத்தித் தள்ள வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது! 1967 ஏப்ரல், மே மாதங்களில் வியட்நாமின் கேசான் குன்றுகளில் நடந்த சண்டையில் அமெரிக்க மரீன் படை வீரர்கள் இப்படித்தான் தவித்தார்கள். பழைய எம்-14 துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து எம்-16 வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கம்பி குழாய்க்குள் இருந்தபடியே செத்துக் கிடந்தவர்களும் உண்டு. அவர்கள் சோம்பேறிகளா?

உயிரோடு இருந்தவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போயின. ரிச்சர்டு ஐகார்டு என்ற உறுப்பினர் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து 1967 அக்டோபரில் அறிக்கை தந்தது. தோட்டாவின் குறை தெரிந்தும் திருத்தாமல் இருந்த ராணுவ அதிகாரிகளின் அலட்சியம் கிட்டத்தட்டக் குற்றத்துக்குச் சமம் என்று அதில் எழுதியிருக்கிறது.

பிறகு அறைக்குக் குரோம் பூசினார்கள், போல்ட்டின் வேகத்தைத் தணிக்கும் பஃபர் என்ற பாகத்தை மாற்றினார்கள், துடைக்கும் சாமானும் பயிற்சியும் கொடுத்தார்கள். அதே மழை, அதே சேறு, அதே வயதுப் பையன்கள். ஆனால் சிக்குவது பெருமளவு குறைந்துவிட்டது.

அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தினர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.