வராதவர்களின் கணக்கு

காரைக்குடி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் உடன் வைத்திருந்த ஆண்டறிக்கையும் கிடைத்தன. மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் ஊர் அறக்கட்டளை மாதந்தோறும் நடத்தும் மனநல முகாமால் பயன் உண்டா என்று கேட்டிருந்தாய். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு மருந்து செலவாயிற்று என்பதை அறிக்கை விரிவாகச் சொல்கிறது; வந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் விடை குறைவு.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகளில் மதிப்பெண் இறங்கியதை, அதாவது சோர்வு குறைந்ததை, ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. மிகவும் நொந்துபோன வேளையில்தான் மனிதர்கள் முகாமுக்கு வருகிறார்கள். அவர்களில் சிலருக்குச் சிகிச்சை இல்லாமலேயே ஓரளவு தணிந்துவிடும். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை வரை பேசிய பிரிவில், மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். அந்த ஆலோசனை கிடைக்காத பிரிவிலும் 39 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். இந்த இரண்டாவது பிரிவு இல்லையென்றால் 64 முழுவதையும் ஆலோசனையின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள் அல்லவா?

உங்களால் அவ்வளவு பெரிய ஆய்வு நடத்த முடியாதுதான். ஆனால் முகாமைப் பக்கத்து ஊர்களுக்கும் விரிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்கவும் இயலாது. எந்த ஊர் முதலில் என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்து, காத்திருக்கும் ஊர்களிலும் அதே கேள்விகளைக் கேட்டுவைத்தால், ஒப்பிட ஒன்று கிடைத்துவிடும். காத்திருக்கும் ஊரில் எவருக்காவது உயிராபத்து தெரிந்தால் அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். ஆய்வெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மதிப்பெண்ணோடு வேறு சிலவற்றையும் கேட்கச் சொல். கொட்டான் முடைவதை நிறுத்தியிருந்த ஆச்சி மறுபடி ஓலையைக் கையில் எடுத்தாரா, நூறு நாள் வேலைக்குப் போகாதிருந்தவர் போகத் தொடங்கினாரா என்பவை வீட்டாருக்குப் புரிகிற அளவுகோல்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு முறை வந்து பிறகு வராமல் போனவர்கள். குணமாகி நின்றார்களா, மாத்திரை தந்த தூக்கக் கலக்கம் தாங்காமல் நின்றார்களா, பஸ் செலவுக்கு வழியில்லையா, பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிய வேண்டாமென்று வீட்டார் தடுத்தார்களா? ஒவ்வொன்றுக்கும் மாற்று வேறு. புதுக்கோட்டைப் பக்கம், சென்னையின் மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப், பேருந்துக்குள்ளேயே அறை அமைத்து, சென்னையிலிருக்கும் மருத்துவரைத் திரை வழியே பேசவைத்தது தூரம் என்கிற தடைக்கான மாற்று. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுகிற வீட்டாருக்கு அது போதாது.

பதிவேட்டின் நகலைப் பெயர்களை நீக்கி அனுப்பு. முதல் வருகையோடு நின்றவர்களை ஊர்வாரியாகப் பிரித்துத் தருகிறேன். வீடு தேடிப் போவதற்கு முகாமில் வேலை செய்யாத ஒருவரை நீ ஏற்பாடு செய்.

அன்புடன்,
உன் நண்பன்