பணம் குறைந்த காரணம்

சோனாப்பூர், துபாய்
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அம்மா, மாமா, பிள்ளைகள் நலம் அறிய ஆவல். இந்த முறை பணம் ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக எங்களுக்குச் சம்பளம் இல்லை. சம்பளத்தை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இங்கே 2009 முதல் இருந்தும், கட்டட உரிமையாளரிடமிருந்து பணம் வரவில்லை என்று கம்பெனியில் சாக்குச் சொல்கிறார்கள். தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்துவிட்டு, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் மூன்று மணிக்குப் போய்த் தொட்டால் கம்பி கையுறையையும் மீறிச் சுடுகிறது.

உங்களுக்கு அனுப்பியது இங்கே தேரா பகுதியில் ஒரு நண்பரிடம் வாங்கிய கடன். அதில் ஒரு பகுதியை மெஸ்ஸுக்குக் கொடுத்தேன், என் பங்கோடு இன்னொருவன் பங்கையும் சேர்த்து. எங்கள் அறைக்குப் புதிதாக வந்த வங்கதேசப் பையன், நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன், இன்னும் ஒரு மாதச் சம்பளத்தைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். கேட்டால் சாப்பிட்டாயிற்று என்பான். ஒரு நாள் பெஷாவர்க்காரரான கான் பாய் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது, குழாயடியில் காய்ந்த குப்பூஸ் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தானாம். கையைப் பிடித்து இழுத்துவந்து தன் தட்டுக்கு எதிரே உட்கார வைத்தார். கான் பாய்க்கும் சம்பளம் வரவில்லை.

பையனின் சாப்பாட்டுச் செலவை ஏற்க அறையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆந்திராக்காரர் ஒருவர் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன், அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையனுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் விடியும்வரை நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவரும் அவர்தான்.

தனக்கே இல்லாதபோது இவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மாமா கேட்பார். மேல்கட்டிலில் ஒருவன் பட்டினி கிடக்கும்போது கீழே உட்கார்ந்திருப்பவனுக்குச் சோறு இறங்காது என்று அவரிடம் சொல்லுங்கள். நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசல் கூடாரத்தில் பேரீச்சம்பழமும் மோரும் பிரியாணியும் கொடுத்தவர்கள் என்னிடம் நீ எந்த மதம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடைக்கார மலையாளியும் இரண்டு மாதமாக முகம் சுளிக்காமல் பற்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

கூட்டுறவு வங்கியில் இந்தத் தடவை வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வையுங்கள். புகாரில் தீர்வு வந்ததும் அசலை அனுப்புகிறேன். விடுமுறைக்கு வந்திருக்கும் மேலத்தெரு அண்ணனிடம் கருவாடு கொடுத்தனுப்பும்போது கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். மீன் இல்லாத சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான் பையன்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி