கல்நெஞ்சக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று பலரும் போனில் கேட்கிறீர்கள், கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால் யாராவது விட்டுப்போவார்கள், அப்புறம் மனஸ்தாபம். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பாப்பாவுக்கு இப்போது வாய் 34 மில்லிமீட்டர் திறக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் 4 மில்லிமீட்டர். போன வாரம் டாக்டரம்மா முன்பற்களுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, "இதை இப்படியே காப்பாத்துங்க, பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

"தாடை ஆபரேஷன்" என்பதற்கு மேல் பலருக்கும் விவரம் தெரியாது. காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்குக் கீழே குமிழ் மாதிரி ஒன்று அசையும். கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேர்கிற மூட்டு அது. பாப்பாவுக்கு வலது பக்கம் அந்த மூட்டே இல்லாமல் போயிருந்தது. எலும்பும் எலும்பும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. அங்கிலோசிஸ் என்கிறார்கள். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் மோவாய் அடிபட விழுவதால் வருகிறதாம். இவளும் இரண்டு வயதில் திண்ணையிலிருந்து குப்புற விழுந்தாள். மோவாயில் தையல் போட்டார்கள், காயம் ஆறியது. அடி மோவாயில் பட்டாலும் உடைவது காதுக்கு முன்னால் இருக்கிற அந்தக் குமிழ்தான் என்பது அப்போது எங்களுக்கு யாரும் சொல்லாத சங்கதி. வாய் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் மூடிக்கொண்டே வந்தது.

முதல் நன்றி கடலூரில் இருக்கும் அந்த இளம் பல் டாக்டருக்கு. பல்வலி என்றுதான் கூட்டிப்போனோம். சொத்தைப் பல்லைப் பார்க்க வாய் திறக்கச் சொன்னார், திறக்கவில்லை. வேறு இடங்களில் "பிடிவாதம் பிடிக்கிற குழந்தை" என்று பேர் வாங்கியவள் இவள். இந்த டாக்டர் திட்டவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காதுக்கு முன்னாலும் சுண்டுவிரலை வைத்து, "திற, மூடு" என்றார். பிறகு மோவாயைத் தூக்கி அடியில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். "சின்ன வயசுல விழுந்துச்சாம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டபோதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. முழுத் தாடையையும் காட்டுகிற எக்ஸ்ரே எடுத்து, புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை.

கோரிமேட்டில் விடியற்காலை ஓ.பி. வரிசை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் எனக்காக இடம் பிடித்துக் கொடுத்த நெய்வேலிப் பெரியவர், சி.டி. ஸ்கேன் எந்தக் கட்டடம் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போன துப்புரவு அம்மா, இவர்களுடைய பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்.

டாக்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் செய்பவர்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்காத குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதே தனி வித்தை என்று முந்தின நாள் இரவு மயக்க மருந்து டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. வழக்கமாக வாய் வழியாகப் பார்த்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடுவார்களாம். இவளுக்கு அந்த வழியே இல்லை. மூச்சு தானாக ஓடிக்கொண்டிருக்கும்படி அரை மயக்கத்தில் வைத்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கி, பார்த்துப் பார்த்து உள்ளே போக வேண்டும். அதுவும் கைகொடுக்காவிட்டால் கழுத்தில் துளை போட வேண்டிவரும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார். ஒரு காகிதத்தின் பின்பக்கம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாம் படம் போட்டு விளக்கினார். நான் பயந்தேன்தான். ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்து பயந்தேன். அந்தப் படம் இன்னும் என் கடை டிராயரில் இருக்கிறது. கழுத்தில் துளை போடவே இல்லை.

காதுக்கு முன்னால் கீறி, ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து இடைவெளி உண்டாக்கி, மறுபடி ஒட்டாமலிருக்க நெற்றிப்பொட்டுப் பக்கத்துத் தசையில் கொஞ்சம் திருப்பி நடுவில் வைத்திருக்கிறார்கள். சில வாரம் வலது கண் முழுதாக மூடவில்லை. நரம்பு அசந்து போயிருக்கிறது, திரும்பும் என்றார்கள், திரும்பியது. ராத்திரி அந்தக் கண்ணுக்கு மருந்து தடவிப் பிளாஸ்திரி போட என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்த நர்ஸ் சிஸ்டருக்கு நன்றி. ரத்தம் கொடுக்க நம்மூரிலிருந்து வேன் பிடித்து வந்த தம்பிகளுக்கும் நன்றி. கடையை நான் பூட்டிவிட்டுப் போக இருந்தபோது சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, தையல் மிஷினையே என் கடை வாசலில் போட்டு இரண்டு வேலையும் பார்த்த டெய்லர் அண்ணன், நான் திரும்பி வந்ததும் நோட்டில் ஒவ்வொரு ரூபாயையும் எழுதிக் கணக்குக் கொடுத்தார்.

இதெல்லாம் ஆபரேஷன் வரைக்கும். தலைப்பில் சொன்ன கல்நெஞ்சக்காரர்கள் இனிமேல்தான் வருகிறார்கள்.

மூன்றாம் நாளே வாய் திறக்கும் பயிற்சி ஆரம்பம். தையல் பிரிக்கவில்லை, முகம் பூசணி மாதிரி வீங்கியிருக்கிறது, அதிலேயே திறக்க வேண்டும். ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு டாக்டரம்மா சொன்ன காரணம் இது: வெட்டின இடத்தில் தழும்பு இறுகும், குழந்தை உடம்பு என்பதால் எலும்பும் சீக்கிரம் வளரும். சும்மா விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் ஆபரேஷன் முதலைவிடக் கஷ்டம். ஆறு மாதத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு வருஷம், தினமும் பல வேளை செய்ய வேண்டும். டாக்டர் அவர் பங்கைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டார், மிச்சம் எங்கள் தலையில்.

பயிற்சிக்கு என்ன கருவி தெரியுமா? ஐஸ் குச்சி. ஒரு குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். பத்துக் குச்சியை ஒன்றாக அடுக்கிக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே வைத்தால் 20 மில்லிமீட்டர். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, அடுக்கின் நடுவே பதினோராவது குச்சியை மெல்லச் செருக வேண்டும். அந்தப் பதினோராவது குச்சிதான் பிராணன் போகிற குச்சி. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டும், ஆனால் வாயில் குச்சி இருப்பதால் குழந்தையால் சத்தம் போட்டு அழக்கூட முடியாது. தொண்டையிலிருந்து ஒரு முனகல்தான் வரும். அரை மணி முன்னதாக வலி மருந்து கொடுத்து, வெந்நீரில் பிழிந்த துணியால் ஒற்றடம் போட்டுத்தான் செய்தோம், அப்படியும் அது வந்தது. திருகாணி வைத்த இரும்புக் கருவி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். திருகத் திருக விரியும்.

பிசியோதெரபி மேடத்துக்கு என் தனிப்பட்ட வணக்கம். "அவ அழட்டும் சார். நீங்க அழாதீங்க. நீங்க அழுதா நிறுத்திடலாம்னு அவளுக்குத் தோணிடும்" என்றார். முகத்தில் துளி இரக்கம் தெரியாது. ஆனால் பயிற்சி முடிந்ததும் பாப்பாவின் ஜடையை அவிழ்த்து, சவரம் செய்த பக்கம் தெரியாதபடி மறுபடி பின்னிவிட்டுத்தான் அனுப்புவார்.

வீட்டுக்கு வந்தபின் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது என் அம்மா. முந்திரிக் கொட்டை உடைத்தே எங்களைப் படிக்கவைத்தவர். கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். அந்த விரலால்தான் திருகாணியைத் திருகுவார். கால் சுற்று, நிறுத்தம், பாப்பாவின் கண்ணைப் பார்ப்பார், இன்னொரு கால் சுற்று. நானும் என் மனைவியும் தெருவுக்கு வந்து நின்றுகொள்வோம். "ஆயா, நீ கெட்ட ஆயா" என்று குழந்தை எழுதிக் காட்டிய சிலேட்டை அம்மா துடைக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தார். எழுத்து நல்லா இருக்குதாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். பார்க்க வந்த சொந்தங்களில் பலர், "ஐயோ பாவம், பச்சப்புள்ள, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுப்பா" என்றீர்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் காய்ச்சல் என்று சில நாள் விட்டதிலேயே 28 மில்லிமீட்டர் இருந்தது 23-க்கு வந்துவிட்டது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆன பாடு அம்மாவுக்குத்தான் தெரியும். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தவர்களுக்கு நன்றி. வாங்கி வந்துவிட்டு, "எங்க, எத்தனை குச்சி போவுது, காட்டு பார்ப்போம்" என்று கேட்ட என் சின்ன மாமாவுக்கு இரண்டு மடங்கு நன்றி.

குச்சி ஐஸ் வண்டிக்காரர் தம் கம்பெனியிலிருந்து புதுக் குச்சிக் கட்டுகளை வாங்கிவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். காசு கொடுத்தால், "பாப்பா வந்து ஐஸ் கடிச்சுத் திங்கட்டும், அன்னைக்குக் குடு" என்பார். அந்தக் கணக்கு இந்தச் சித்திரையில் தீர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நாலாம் வகுப்பு டீச்சர், மதிய இடைவேளையில் வகுப்பிலேயே பயிற்சி செய்ய இடம் கொடுத்தார். குழந்தைகள் கேலி செய்வார்கள் என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர்களோ சுற்றி உட்கார்ந்து சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வரை எண்ணிவிட்டுத்தான் குச்சியை எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பையன் வேண்டுமென்றே இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவே இழுப்பானாம். வீட்டில் முனகுகிறவள் அங்கே சிரித்திருக்கிறாள். காலை உணவுத் திட்டத்தில் போடுகிற ரவா உப்புமாவும் பொங்கலும் அவளுக்கென்றே சமைத்த மாதிரி அமைந்தன. மத்தியானம் சத்துணவு அக்கா சாம்பார் சாதத்தைத் தனியாகக் குழைத்து வைப்பார், முட்டையை மசித்துக் கொடுப்பார். ஒரு நாள் முழு முட்டையைக் கையில் கொடுத்து, "கடி" என்றிருக்கிறார். அதைச் சொல்ல அந்த அக்கா சாயங்காலம் கடைக்கே வந்துவிட்டார்.

பண்ருட்டியில் பிறந்துவிட்டுப் பலாச்சுளையை நாராகக் கிழித்து, பல் சந்து வழியாகத் திணித்துத் தின்ற குழந்தை இவள். இந்த வருஷம் தோப்புக்காரர் அனுப்பிய பழத்தில் முழுச் சுளையாகத் தின்றாள். வயிறு வலிக்கிற அளவுக்கு.

ஆனாலும் எங்களுக்குப் பெரிது ராத்திரிதான். முன்பெல்லாம் தாடை வளராமல் நாக்கு பின்னால் போய், மல்லாக்கப் படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். என் மனைவி சுவரில் சாய்ந்து, பாப்பாவை மார்பில் நிமிர்த்திச் சாய்த்தபடியே வருஷக்கணக்காகத் தூங்கியிருக்கிறாள். இப்போது இருவரும் பாயில் நீட்டிப் படுக்கிறார்கள். குறட்டை முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. மோவாய் இன்னும் வலப்பக்கம் கோணல்தான். அந்தப் பக்கம் எலும்பு வளராததால் வந்த குறை. பின்னாளில் எலும்பை வெட்டி, திருகு பொருத்தி, நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்தி நீட்டுகிற சிகிச்சை இருக்கிறதாம். வளர வளரப் பார்த்து முடிவு செய்வோம் என்றிருக்கிறார்கள். அப்போதும் உங்களைத் தொந்தரவு செய்வேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

குழந்தை மோவாய் அடிபட விழுந்தால் தையலோடு விட்டுவிடாதீர்கள். காதுக்கு முன்னால் வலிக்கிறதா, வாய் முழுசாகத் திறக்கிறதா, திறக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று அடுத்த சில மாதங்களுக்குக் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் பல் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். இதே ஆபரேஷன் முடிந்து பயிற்சியில் திண்டாடுகிற பெற்றோர் இந்தப் பக்கம் யாராவது இருந்தால் கடைக்கு வாருங்கள். குச்சி அடுக்குவது எப்படி என்று காட்டுகிறேன். திருகாணிக்கு என் அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு வந்த பாத்திரங்களில் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மூடியில் "கே.ஆர்." என்று பேர் வெட்டியிருக்கிறது. நான் கேட்டவர்கள் எல்லோரும் எங்களுடையது இல்லை என்கிறார்கள். உரியவர் தயவுசெய்து வந்து வாங்கிக்கொள்ளவும். காலை ஒன்பதரைக்கு மேல் கடையில் இருப்பேன்.

நன்றியுடன்,
பாப்பாவின் அப்பா
பண்ருட்டி