மதிப்பீட்டில் மாணவனையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளிகளின் ஆண்டு மதிப்பீடு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல் துலக்குவது முதல் பணம் எண்ணுவது வரை எல்லாம் இருந்தது. பிள்ளை தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கிறானா என்பதை மட்டும் காணவில்லை. கட்டுரையாளர்மீது குறையில்லை; சிறப்பாசிரியையான என் பதிவேட்டிலும் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். (Madras Developmental Programming System) என்ற அன்றாடத் திறன் பட்டியலைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். 18 பிரிவுகள், 360 கூறுகள். அருமையான கருவி, நான் தொழில் படித்ததே அதை வைத்துத்தான். ஆனால் பொத்தானைத் தானே போடுகிறான் என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தது அவனா, அம்மாவா என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே 1990களில் அளவுகோல்கள் வந்துவிட்டன. 1995இல் வெளிவந்த, 'ஆர்க்' என்ற அமைப்பின் அளவுகோல் 72 கேள்விகளை மாணவரிடமே கேட்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பின்னர் உருவான படிவத்தில் 13 முதல் 22 வயது வரையுள்ளோருக்கு 21 கேள்விகள். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்ப வேறு படிவம் உண்டு. எனக்கு இவற்றைவிட ஏ.ஐ.ஆர். (American Institutes for Research) என்ற ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல்தான் பிடிக்கும். திறன் இருக்கிறதா என்பதோடு, அதைக் காட்ட வீட்டிலும் பள்ளியிலும் வாய்ப்புக் கொடுக்கிறார்களா என்றும் அது கேட்கிறது. மதிப்பெண் குறைந்தால் பிள்ளையை மட்டும் கைகாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது.

இவற்றை அப்படியே தமிழாக்கினால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தொழிற்பயிற்சி வகுப்பு மாணவன் ஒருவனிடம் "தையலா, மெழுகுவர்த்தியா?" என்றால் "மெழுகுவர்த்தி" என்பான். "மெழுகுவர்த்தியா, தையலா?" என்றால் "தையல்" என்பான். கடைசியாகக் காதில் விழுந்ததே பதில். படங்களைக் காட்டினால் என் முகத்தைப் பார்ப்பான். துணியையும் மெழுகு அச்சையும் மேசையில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய் நின்றால், துணியைத்தான் எடுக்கிறான். இடம் மாற்றி வைத்தாலும் துணிதான். இவனிடம் வாய்க் கேள்வி கேட்டு நிரப்பிய படிவத்துக்கு என்ன மதிப்பு? எதற்கும் "சரி மிஸ்" என்று தலையாட்டும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'ஒத்துழைக்கிறான்' என்று அதற்குப் பாராட்டு வேறு எழுதுகிறோம். பேசாத ஆட்டிசப் பிள்ளை பால் டம்ளரைத் தள்ளிவிட்டாலோ, அதே பதிவேட்டில் 'நடத்தைப் பிரச்சினை'. வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொன்ன ஒரே பதில் அது.

பெற்றோரைச் சாடவும் மனம் வரவில்லை. சாலையைத் தனியாகக் கடக்கவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பயம் சாலையோடு நிற்காமல் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிடுகிறது.

மகனுக்கு 18 வயது ஆனதும் பல பெற்றோர் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 14, வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைப் பற்றிப் பேசுகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, மாற்றுத்திறனாளியும் பாதுகாவலரும் கலந்து முடிவெடுக்கும் ஏற்பாடு. எந்த முடிவை அவன் தானே எடுப்பான், எதற்குத் துணை வேண்டும் என்று பள்ளியில் ஒருவரும் பார்த்துக் குறித்து வைக்காவிட்டால், பாதுகாவலரை நியமிக்கும் குழுவின் முன் எதை வைத்துப் பேசுவது? அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) எண் ஒன்றுதான் கையில் இருக்கும். அதே நேரம், தானே முடிவெடுப்பதை அளக்கும் இந்த அளவீட்டின் மதிப்பெண்ணையே காட்டி 'இவனுக்கு முடிவெடுக்கத் தெரியாது' என்று உரிமையைப் பறிக்கவும் கூடாது. அடுத்த பருவத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

14 வயதிலிருந்தாவது ஆண்டு மதிப்பீட்டில் மாணவன், பெற்றோர், ஆசிரியர் மூவரின் பதிலும் பக்கத்தில் பக்கத்தில் இடம்பெற வேண்டும். கேள்விகள் நம் வீடுகளிலிருந்து வரட்டும்: விருந்துக்கு என்ன உடுத்துவது, பொங்கல் காசை எதற்குச் செலவழிப்பது, யாரோடு கோயிலுக்குப் போவது. பேசாத பிள்ளைக்குப் பொருளை வைத்து, இடம் மாற்றி, வேறு வேறு நாளில் பார்த்து எழுதலாம். இதற்கு நேரம் பிடிக்கும். ஒரே மாதத்தில் எல்லாப் பதிவேடுகளையும் முடிக்கச் சொல்லும் அதிகாரிகள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.