ஜாஸ் பேஸின் பிக்கப்பை மாற்றும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கோவைக்குக் குடிபோன பிறகு மறுபடியும் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்பதையும், அதற்காகவே பழைய ஜாஸ் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கியிருக்கிறாய் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே திருச்சியில் பாதிக் கச்சேரிகளில் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் வாசித்துவிடுகிறார். மீதிக் கச்சேரிகளுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். குறையொன்றும் இல்லை.

ஜாஸ் பேஸுக்கு மூத்த வகையான பிரிசிஷன் பேஸைப் போன்ற கனத்த ஒலி வேண்டும், அதற்குக் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் எதை வாங்கலாம், அந்த மின்சாரத்தைப் பெருக்கும் ப்ரீஆம்பில் எதைப் பொருத்தலாம் என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பணத்தில் இன்னொரு பேஸே வாங்கிவிடலாம். நீ முதலில் செய்ய நினைப்பவற்றைக் கடைசிக்குத் தள்ளிவை என்பதுதான் என் கருத்து. பிக்கப் தனியாக ஒரு ஒலியைக் கொடுப்பதில்லை. அதோடு சேர்ந்த பாட் (திருகுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை), மின்தேக்கி, கேபிள் எல்லாம் ஒரே சுற்றாக நின்றுதான் அந்த ஒலியைத் தீர்மானிக்கின்றன.

எதை மாற்ற முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப்தான் இருந்தது. 1957-இல் அது இரண்டாகப் பிளந்த பிக்கப்பாக மாறியது. இரண்டு கம்பிகளுக்கு ஒரு சுருள் என்று வைத்து, இரண்டையும் எதிரெதிர்த் துருவங்களோடு தொடராக இணைத்ததால் இரைச்சல் அடங்கியது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள், ஒன்று கழுத்துப் பக்கம், மற்றொன்று கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்கு அருகில். பாலத்தை நெருங்க நெருங்க அடிப்படைச் சுருதி மெலிந்து மேல் ஓசைகள் துலங்கும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம்முடைய 1962 ஜாஸ் பேஸில் பாலத்துப் பிக்கப்பையே பெரிதும் நம்பினார். மூக்கால் பாடுவது போன்ற அந்த ஒலிக்கு அதுவே காரணம். 1970-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனம் அந்தப் பிக்கப்பை ஏறத்தாழ 1 செ.மீ. பாலத்தை நோக்கி நகர்த்தியது. அந்தச் சிறு நகர்வையே காது கண்டுபிடித்துவிடும். ஆகவே மரத்தில் வெட்டிய குழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒலியின் அடித்தளம் இருக்கிறது. எந்த விலைக்கு பிக்கப் வாங்கிப் போட்டாலும் அந்த இடம் மாறாது.

அடுத்தது மின்சுற்று. பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. அதற்குத் தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. ஜாஸ் பேஸ் பிக்கப் ஒன்றுக்கு 3.5 ஹென்றி என்று கணக்குக்கு வைத்துக்கொள். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு; 6 அல்லது 7 மீட்டர் கேபிளில் அது 700 பிகோஃபாரட் வரை போகும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, அங்கே ஒரு மேட்டை எழுப்பி, அதற்கு மேலுள்ளவற்றை அறுத்துவிடுகின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை கூடக்கூட நாதம் இறங்குவதைப் போல, கேபிள் நீள நீள இந்த மேடும் கீழே இறங்கும். ஒத்திகையில் பளிச்சென்று கேட்ட பேஸ் பெரிய மேடையில் நீளமான கேபிளோடு மந்தமாகிவிட்டது என்று நீ முன்பு புலம்பியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த மேடு எவ்வளவு உயரமாக எழும் என்பதை பாட்கள் தீர்மானிக்கின்றன. ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூம், கூர்மையைக் குறைக்கும் ஒரு டோன். மூன்றும் 250 கிலோ ஓம். எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து வைத்தாலும் மூன்றும் பக்க இணைப்பில் (ஒன்றுக்கொன்று இணையாக) நின்று ஏறத்தாழ 83 கிலோ ஓம் சுமையாகி பிக்கப்பை அமுக்குகின்றன. அவற்றை 500 கிலோ ஓமாக மாற்றினால் சுமை பாதியாகிவிடும். அதே பிக்கப் புதிதாக வாங்கியதைப் போலக் கூர்மையாகக் கேட்கும். உனக்கு வேண்டியது கூர்மையன்று, கனம். ஆகவே 250-ஐத் தொடாதே. உன் பேஸின் முந்தைய சொந்தக்காரர் வேறு மதிப்பில் பாட் போட்டிருக்கிறாரா என்று மட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள். புதிதாக வாங்க நேர்ந்தால், யாராவது சென்னைக்குப் போகும்போது ரிச்சி தெருவில் சொல்லி வாங்கலாம். ஏ என்ற எழுத்து இருந்தால் லாக் வகை, பி இருந்தால் லீனியர் வகை. டோனுக்கு ஏ வகையை வாங்கு, இல்லாவிட்டால் திருகின் கடைசிக் கால் சுற்றிலேயே எல்லா மாற்றமும் நடந்து முடிந்துவிடும்.

டோன் திருகோடு சேர்ந்த மின்தேக்கியில் எல்லோரும் ஆரஞ்சு நிறம், எண்ணெய்க் காகிதம் என்று விலையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மதிப்புதான் முக்கியம். டோனை முழுதாக அடைத்தால் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி அந்த ஒத்ததிர்வை 400 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும், 0.1 போட்டால் 270-க்குப் பக்கத்தில் போகும், 0.022 போட்டால் 560-ஐ ஒட்டி நிற்கும். பழைய பாட்டுகளை வாசிக்கும்போது டோனை அடைத்தே வாசிப்பவன் நீ; ஆகவே மூன்று மதிப்புகளையும் முதலை வாய்க் கிளிப்பால் மாற்றி மாற்றிப் பொருத்தி, குழுவோடு வாசித்துக் கேட்டுவிட்டுப் பிறகு பற்றவை.

இனி நீ கேட்ட கனத்துக்கு வருகிறேன். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளும் பக்க இணைப்பில் இருக்கின்றன. இரண்டையும் சமமாகத் திறந்தால் தூண்டல் பாதியாகக் குறைந்து, மேடு 4,500 ஹெர்ட்ஸ் வரை ஏறி, நடு அலைவரிசை குழிந்துபோகும். அந்தப் பேஸின் பளபளப்பே அதுதான். அதே இரண்டையும் தொடர் இணைப்பில் மாற்றினால் தூண்டல் இரட்டிப்பாகி, மேடு 2,300-க்கு அருகே இறங்கும். ஒலி உரத்து, நடுப்பகுதி தடித்துவிடும். பிரிசிஷன் பேஸாகவே ஆகிவிடாது, ஆனால் மேடையில் கேட்பவர் பிரித்துச் சொல்லமாட்டார். ஃபெண்டரே பிற்காலத்தில் எஸ்-1 என்ற அழுத்துப் பொத்தானில் இதைத் தந்திருக்கிறது. நான் என் பேஸில் இழுத்து அழுத்தும் வகைப் பாட் ஒன்றைப் போட்டுச் செய்துகொண்டேன். இழுத்தால் தொடர், அழுத்தினால் பக்க இணைப்பு. ஒரு பிக்கப்பின் கறுப்பு ஒயரைத் தரை இணைப்பிலிருந்து (கிரவுண்ட்) பிரித்தெடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இதில் கவனிக்க வேண்டியது. தொடர் நிலையில் ஒரு வால்யூமே இரண்டையும் ஆளும். இரண்டையும் வெவ்வேறு அளவில் கலக்க முடியாது. எனக்கு அது இழப்பாகத் தோன்றவில்லை.

இதோடு தட்டைச் சுற்றுள்ள வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பியும் போட்டுப் பார். மோட்டவுன் இசைத்தட்டுகளில் நாம் கேட்டு வளர்ந்த பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலியில் 1962 பிரிசிஷன் பேஸுக்கு இருக்கும் பங்கு அளவுக்கு, அந்தக் கம்பிகளுக்கும் பாலத்து மூடிக்கு அடியில் இருந்த நுரைத் துண்டுக்கும் பங்கு உண்டு. பிக்கப்பின் உயரத்தையும் சரிசெய்துகொள். கடைசிக் கட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால் தடித்த கம்பிப் பக்கம் ஏறத்தாழ 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி போதும். அதைவிட நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் கலங்கடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிக்கப் மாற்றியே தீர வேண்டும் என்றால், அதற்கு ஒரு நியாயமான காரணம் இரைச்சல்தான். ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமைக் குறைத்த நொடியில் உறுமல் தொடங்கிவிடும். திருமண மண்டப விளக்குகளுக்கு அடியில் அது பெரும் தொல்லை. ஒரே உறைக்குள் இரட்டைச் சுருள் வைத்த ஜாஸ் அளவுப் பிக்கப்புகள் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள். கடைக்காரர் ஓம் கணக்கைச் சொல்லி, அதிக ஓம் என்றால் அதிக ஒலி என்பார்; அந்த எண் சுருளில் சுற்றிய செப்புக் கம்பியின் நீளத்தையும் மெல்லிய தன்மையையும் மட்டுமே காட்டும், காந்தத்தின் வலிமையையோ தூண்டலையோ காட்டாது. அதற்கு முன் குழியின் உட்புறம் முழுதும் செப்புத் தாளை ஒட்டித் தரையோடு இணைத்துப் பார். ஓரளவு இரைச்சல் அதிலேயே அடங்கும்.

ப்ரீஆம்ப் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே என்ற பேஸ் அதன் உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் இல்லாமல் அந்தப் பெயரை எடுத்திருக்காது. கிட்டாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் கேபிளின் நீளம் ஒலியைக் கெடுக்காது. குறைக்க மட்டுமல்லாமல் கூட்டவும் முடியும். ஆனால் உன் பட்டியலில் இருப்பது 40 ஹெர்ட்ஸில் அடியைக் கூட்டும் வகை. உன் தடித்த கம்பியின் சுருதியே 41 ஹெர்ட்ஸ். நம் மண்டபத்து ஸ்பீக்கர்கள் அதைத் தருவதில்லை, ஆம்ப்ளிஃபையரின் திறன் வீணாகி டிரம்ஸின் அடியோடு குழம்பும். பேஸ் கூட்டத்தில் கேட்பது 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்தான்; நடுப்பகுதியைத் தனியாக ஆளும் திருகு இல்லாத ப்ரீஆம்பை வாங்காதே. 9 வோல்ட் பாட்டரி கேபிள் செருகியிருக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் உருவிவிடும் பழக்கமும் வேண்டும். இஎம்ஜி நிறுவனத்துடையதைப் போன்ற, பாட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் வாங்கினால் அவற்றோடு வரும் 25 கிலோ ஓம் பாட்களையே போடு. பழைய 250-ஐ வைத்தால் வால்யூம் திருகு சுவிட்சைப் போல நடந்துகொள்ளும்.

திருகுகள் இருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒயர்கள் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு. பாலத்திலிருந்து இரண்டு பிக்கப்புகளின் நடுப்பகுதி எவ்வளவு தூரம் என்று அளந்து எழுது. அதை வைத்துத் தொடர் இணைப்புக்கான வரைபடத்தைப் போட்டு அனுப்புகிறேன். என்னிடம் மிச்சமிருக்கும் இழுப்பு வகைப் பாட் ஒன்றையும் அதோடு கூரியரில் போடுகிறேன், நீ வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்