வேடர் வேடம் வேண்டாம்: திருகோணமலைத் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, ஆசிரியர்களே,

அண்மையில் நம் மாவட்டத்துப் பாடசாலை விழா ஒன்றில், உடலெங்கும் கரி பூசி இடுப்பில் இலை கட்டிய சிறுவர்கள் பொருளற்ற ஒலிகளைக் கூவிக்கொண்டு மேடையில் குதித்தார்கள். நிகழ்ச்சிநிரலில் அதற்கு வேடர் நடனம் என்று பெயர். சபை கைதட்டியது. என்னால் முடியவில்லை. வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசி, கடற்றொழிலும் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரும் செய்து வாழும், இலங்கையின் பழங்குடியினரான வேடர் குடும்பங்கள் நம் அயலிலேயே இருக்கின்றன. அவர்களின் பிள்ளையொன்று அந்தச் சபையில் இருந்திருந்தால் என்ன நினைத்திருக்கும்?

மலைக்காட்டு வேடரின் வழக்கங்களில் கற்பிப்பதற்கு எவ்வளவோ உண்டு. செங்குத்தான பாறையில் தொங்கும் தேனடையை எடுக்க, காட்டுக்கொடிகளால் ஏணி பின்னி, புகையூட்டித் தேனீக்களை விலக்கியபடி அவர்கள் இறங்கினார்கள். வேட்டைக்காட்டுக்குக் குடும்பவாரியாக எல்லை இருந்தது. அதை மற்றவர்கள் மதித்தார்கள். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் முறை நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் அங்கே மணமகள், தான் திரித்த கயிற்றை மணமகனின் இடுப்பில் கட்டுவது வழக்கமாக இருந்தது. தாலி கட்டுவதைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் எத்தனை கேள்விகள் கேட்பார்கள்! அவர்களின் ஆட்டமோ வேடிக்கைக்கானதன்று. கிரி கொரஹா என்னும் சடங்கில் தேங்காய்ப்பால் வைத்த பாத்திரத்தைச் சுற்றி அம்பேந்தி ஆடித் தெய்வ ஆவிகளை அழைக்கிறார்கள். இறந்த உறவினரை நே யக்கு என்று போற்றித் துணைக்கு வேண்டுகிறார்கள்.

1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, மகியங்கனைக்கு அருகிலுள்ள தம்பான என்னும் ஊரின் வேடர் தலைமுறைகளாக வேட்டையாடிய காடு அதற்குள் அடங்க, அவர்கள் தம் சொந்தக் காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். இதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

வேடர் மகள் வள்ளியை முருகனோடு சேர்த்துக் கும்பிடும் ஊர் நம்முடையது. ஆகவே, கரியும் இலையும் பூசிக் கட்டிய அந்த ஆட்டத்தை இனி எந்த விழாவிலும் சேர்க்காதீர்கள். வேடர் பற்றிய பாடம் வரும்போது, வெருகல் பக்கத்து மூத்தவர்கள் விரும்பினால், அவர்களை உரிய மரியாதையோடு அழைத்துப் பேசச் செய்யுங்கள். சொல்ல விரும்பாத சடங்கு விபரங்களைத் துருவிக் கேட்காதீர்கள். வகுப்பில் வேடர் வீட்டுப் பிள்ளை இருந்தால், அதை எழுப்பி நிறுத்தி மற்றவர்களுக்குக் காட்டவும் வேண்டாம்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு பெற்றோர்