எனக்கும் லேட்டாத்தான் குதிக்குது, தம்பி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று ராத்திரி காண்ட்ரா என்ற பழைய டிவி கேமில் அருவிக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம். வலது கட்டைவிரல் இன்னும் எரிகிறது. பள்ளிக்கூட நாளில் மே மாத லீவில் எரிந்த அதே எரிச்சல். இந்தச் சந்தோஷம் ஆறிப்போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலைப் பற்றியும் அதற்கு அப்புறம் சொன்னபடி கேட்காமல் என் கை இருந்த இருப்பைப் பற்றியும் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிப் பேர் வீட்டுக்கே வந்து பார்த்தீர்கள். மீதிப் பேர் போனில் கேட்டுக் கேட்டே அலுத்திருப்பீர்கள். கை ஒருவழியாகத் தேறியது. ஆசைதான் தேறவில்லை. சட்டைப் பொத்தான் போட முடிகிற கைக்கு கேம் ஆட மனசு வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? 'விளையாட்டுதானே, விடு' என்பார்கள். சொல்லவும் செய்தார்கள், அவர்கள் மேல் வருத்தமில்லை.

முதலில் மொத்தமாகச் சொல்ல வேண்டிய நன்றிகள். என்னிடம் இருந்த கேம் பெட்டிகள், கேம் கேசட்டுகள் எல்லாவற்றையும் விற்கப் போகிறேன் என்று பட்டியல் போட்டபோது உங்களில் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு அவமானமாகவே இருந்தது. யாரும் வாங்கக் கூடாது என்று உங்களுக்குள் பேசி வைத்திருந்தீர்கள் என்பது போன வாரம்தான் தெரிந்தது. நல்ல கூட்டுச் சதி. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் 'அத்தனையும் எனக்கே' என்று முன்பணம் அனுப்பிவிட்டு, பார்சல் கட்டட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், இப்போது வேண்டாம் என்று சாக்குச் சொன்னார். அந்த வீட்டுக்கு எத்தனை கோட் வெள்ளை ஏறியிருக்குமோ! பிசியோதெரபி அம்மாவுக்கும் நன்றி. பந்தை அமுக்கச் சொல்லி அலுத்துப்போய், 'உங்க வீட்டுல பட்டன் வெச்ச சாமான் எதுவுமே இல்லையா சார்?' என்று கேட்டவர் அவர்.

அக்கா மகன் தன் காசில் கையடக்கக் கருவி ஒன்று வாங்கி, அதில் ஆயிரக்கணக்கில் பழைய கேம்களைப் போட்டுக் கொடுத்தான். நல்ல மனசு. ஆனால் அதில் நான் செய்ததெல்லாம் பட்டியலை மேலும் கீழும் தள்ளியதுதான். ஒரு கேமைத் திறப்பேன், தலைப்புப் படம் வரும், பாட்டு வரும், மூடிவிடுவேன். அந்தக் காலத்து '9999 இன் 1' கேசட்டில் இருந்ததே பத்துப் பன்னிரண்டு கேம்தான். அதையே பெயர் மாற்றிப் பெயர் மாற்றி 9999 வரைக்கும் ஓட்டியிருப்பான். அந்த ஏமாற்று வேலை எவ்வளவு பெரிய உபகாரம் என்று இப்போது தெரிகிறது.

சரி, இனிமேல் எழுதப்போவது முழுக்க எங்கள் தெருமுனை டிவி மெக்கானிக் அண்ணனைப் பற்றி.

அவர் வந்தது என் கேமுக்காக இல்லை. ஹாலில் இருக்கும் எல்.இ.டி. டிவியில் சத்தம் விட்டு விட்டு வந்தது. கழற்றி ஏதோ செய்துவிட்டு, வெளியிலிருந்து படமும் சத்தமும் வாங்கும் ஏ.வி. இன்புட்டையும் ஒருதரம் பார்த்துவிடலாம், பழைய டிவிடி பிளேயர் இருந்தால் கொடுங்கள் என்றார். டிவிடி பிளேயர் இல்லை. என் மனைவி பரணிலிருந்து கேம் பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. அது நம் எல்லோர் வீட்டிலும் இருந்த பெட்டிதான். மேலே வேறு ஏதோ பெயர் போட்டிருக்கும், உள்ளே ஜப்பானில் 1983இல் நிண்டெண்டோ கம்பெனி விட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல். நிண்டெண்டோ என்ற பெயரே நம்மில் பலருக்கு வருஷக்கணக்கில் தெரியாது. டிவி கேம், அவ்வளவுதான்.

திரையில் மாரியோ கேம் வந்தது. அண்ணன் பேடை, அதாவது கையில் பிடித்து ஆடும் பட்டன் கட்டையை, என்னிடம் நீட்டினார். கை சரியில்லை அண்ணே, அமுக்கினால் நேரத்துக்குக் குதிக்க மாட்டேன் என்கிறது, நான் விட்டுவிட்டேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேடைத் தானே பிடித்தார். ஆயுசில் முதல் தடவை. எதிரே பழுப்புக் காளான் வந்தது. உலகத்தில் எல்லோரும் முதலில் எங்கே செத்தார்களோ அங்கேயே அவரும் செத்தார். மறுபடியும் அங்கேயே. அப்புறம் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பட்டனைத் தட்டித் தட்டி விரலையும் மாரியோவையும் மாறி மாறிப் பார்த்தார். படம் இழுக்கிறதா என்று மெக்கானிக் பார்க்கிற பார்வை.

"தம்பி, எனக்கும் லேட்டாத்தான் குதிக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தான். அமுக்கறதுக்கும் குதிக்கறதுக்கும் நடுவுல இழுக்குது. இது டிவி பண்ற வேலை. உங்க கை மேல எல்லாப் பழியையும் போடாதீங்க."

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. பழைய பிக்சர் டியூப் டிவி சிக்னல் வர வர, கோடு கோடாக அப்படியே வரைந்துகொண்டு போகும். எல்.இ.டி. அப்படியில்லை. படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, 240 வரிப் படத்தைத் தன் அகலத்துக்கு இழுத்துப் பெரிதாக்கி, மெருகு போட்டு, அப்புறம்தான் காட்டும். அதற்குள் சில படங்கள் கடந்து போயிருக்கும். ஒவ்வொன்றும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அறுபதில் ஒரு பங்கு. சீரியல் பார்க்கிறவருக்கு அது கணக்கே இல்லை, மாரியோ பள்ளத்தில் விழ அது போதும். என் விஷயத்தில் கை படுத்ததும் பழைய 21 அங்குல டிவி செத்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். கை தேறிய பிறகு நான் ஆடிப் பார்த்ததெல்லாம் புது டிவியில். எது கையின் தாமதம், எது டிவியின் தாமதம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியே இருக்கவில்லை. நல்ல கை உள்ள ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, எனக்கும் அப்படித்தான் என்று சொன்னால்தான் உண்டு. டாக்டர் சொல்லியிருக்க முடியாது. நீங்களும் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் எல்லோரும் என் கையைத்தான் பார்த்தீர்கள்.

அன்று சாயங்காலமே பையனைக் கூட்டிவந்து பழைய டிவியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை. டியூப் நன்றாக இருக்கிறது, கெபாசிட்டர்தான் போயிருக்கிறது, நாலு இடத்தில் ஈயம் விட்டிருக்கிறது என்று போன் வந்தது. சாமானுக்கு ஆன காசு மட்டும் வாங்கினார், கூலிக்கு வாயைத் திறக்கவில்லை. வற்புறுத்தியபோது ஒரு காரணம் சொன்னார், அதை எழுதாமல் இருக்க முடியாது. "தொண்ணூறுகள்ல இந்தப் பெட்டியை மாட்டினா டிவி கெட்டுப்போகும்னு எத்தனை வீட்டுல சொல்லிப் புள்ளைங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டிருக்கேன். அந்தக் கணக்குல கழிச்சுக்கங்க." அசையாத படம் ரொம்ப நேரம் நின்றால் டியூபில் தடம் விழும் என்பது உண்மைதான். அதை வைத்து நம் தலைமுறையின் பாதி சாயங்காலத்தைப் பறித்த கூட்டத்தில் இவரும் ஒருவர். மன்னித்துவிட்டேன். உங்கள் சார்பிலும் சேர்த்து.

டிவி வந்த பிறகும் ஒரு தடை இருந்தது. பேடின் பட்டன் கெட்டி. ஒரு விரலால் முடியாமல் இரண்டு விரலைச் சேர்த்து அமுக்கினேன். அண்ணன் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு, பேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கடைக்குப் போனால் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி மேஜைமேல் பிரித்து வைத்திருக்கிறார். உள்ளே பட்டனுக்கு அடியில் ரப்பர் குமிழ், அதன் வயிற்றில் கறுப்புக் கார்பன் பொட்டு. அமுக்கும்போது அந்தப் பொட்டு போர்டில் இருக்கும் கோடுகளைத் தொடும். டிவி ரிமோட்டிலும் இதே சமாசாரம்தான், ரப்பர் மட்டும் மெத்தென்று இருக்கும். செத்துப்போன ரிமோட் ஒன்றிலிருந்து இரண்டு குமிழ்களை பிளேடால் அறுத்து எடுத்து வைத்தார். உயரம் போதவில்லை. பட்டனின் அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி, அமுக்கிப் பார்த்து, சீவி, மறுபடியும் அமுக்கிப் பார்த்து மூடினார். ஒரு விரலுக்கு இறங்கியது. 'ஏ' பட்டனில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற பதம். 'பி' கொஞ்சம் கடினம். அதுவும் போகப் போகச் சரியாகிவிடும் என்றார், ஆகிக்கொண்டிருக்கிறது.

அதற்கு அப்புறம் கடை மூடிவிட்டு அவ்வப்போது வருகிறார். காபி குடிக்கிறார், இரண்டாவது பேடை எடுத்துக்கொள்கிறார். முதலில் டேங்க் கேம் ஆடினோம். எதிரி டேங்குகளிடமிருந்து எங்கள் கழுகுச் சின்னத்தைக் காப்பதைவிட என்னைச் சுட்டு நிறுத்திவைப்பதில்தான் அவருக்கு ஆனந்தம். கூட்டாளியைச் சுட்டால் சாக மாட்டான், கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டு நகராமல் நிற்பான் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பிறகு காண்ட்ரா. தொடங்கும் முன் பேடில் இந்த வரிசையில் அமுக்க வேண்டும்: மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. முப்பது உயிர் கிடைக்கும். அந்த வரிசையை உண்டாக்கியவர், காண்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனிக்காரர் கசுஹிசா ஹஷிமோட்டோ, 2020இல் காலமானார். 1986இல் கிரேடியஸ் என்ற கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும் வேலையில் இருந்தபோது, அந்தக் கேம் அவருக்கே கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாகத் தனக்காகப் போட்டுக்கொண்ட வழி அது. கேம் செய்தவருக்கே ஆட வரவில்லை என்பதைச் சின்ன வயதில் யாராவது சொல்லியிருந்தால் எத்தனை தெருச் சண்டை மிச்சமாகியிருக்கும்! அவருக்கும் இங்கேயே ஒரு நன்றி. பேடில் இருக்கும் டர்போ பட்டனுக்கும் நன்றி, பிடித்துக்கொண்டிருந்தாலே விடாமல் சுடும். சின்ன வயதில் அதை அமுக்குகிறவனோடு நாம் சேர மாட்டோம், இப்போது நான் அதை விட்டு விரலை எடுப்பதே இல்லை.

அருவிக் கட்டம் உங்களுக்குத் தெரியும். மேலே மேலே ஏற வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது வேகமாக ஏறுகிறவனோடு திரையும் ஏறிவிடும், கீழே தங்கிப்போனவன் திரையின் அடியில் விழுந்து சாவான். அந்தக் காலத்தில் என் அண்ணன் என்னை இதே இடத்தில்தான் தினமும் கொன்றான். மெக்கானிக் அண்ணன் சிவப்பு பேன்ட், நான் நீலம். அவருக்குக் குதிக்கும் நேரம் பிடிபட்டுவிட்டது, விறுவிறுவென்று போகலாம். போகவில்லை. ஒரு படி ஏறுவார், நிற்பார், மேலிருந்து உருளும் பாறைக்கு ஒதுங்கிக்கொண்டு சும்மா சுட்டுக்கொண்டே இருப்பார். நான் தவறி விழுவேன், மறுபடி வருவேன். அவர் அதே படியில் நிற்பார். எனக்காக நின்றதில் பாறை பட்டு அவர் உயிர் எத்தனை போயிற்று என்று எண்ணவில்லை. என்னைவிட அவருக்குத்தான் முதலில் தீர்ந்துபோனது. தீர்ந்த பிறகு பேடைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நான் இல்ல, நீங்க உங்க வேகத்துல போங்க" என்றார். உச்சியில் கையை நீட்டும் அந்தப் பூதத்தை நான் தனியாகத்தான் அடித்தேன். அடித்ததும் அவர் போட்ட கூச்சலில் மாடி வீட்டு மாமி கதவைத் தட்டினார். மாமி, மன்னிக்கவும், இனிமேல் ஒன்பது மணிக்கு மேல் சத்தம் வராது.

ஆசை எப்போது திரும்பி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு மாரியோவைப் பார்த்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோதே வந்திருக்க வேண்டும். ரப்பரும் டிவியும் அதற்கு அப்புறம்தான். ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன்: இரண்டாவது பேடை இனிமேல் பெட்டியிலிருந்து கழற்றப் போவதில்லை. தனியாக ஆடுகிற கேமாக இருந்தாலும் அது மாட்டியே இருக்கும், யார் வந்தாலும் உட்காரலாம். அடுத்து வாத்துச் சுடும் துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கியின் கண் அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். எல்.இ.டி.யில் அது நடக்காது, டியூப் டிவியில் மட்டும்தான். மாமிக்கே அதை ஆட ஆசை இருப்பதாகத் தகவல்.

கோயம்புத்தூர்க்காரருக்கு முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒரு வேண்டுகோள். யார் வீட்டுப் பரணிலாவது பழைய பிக்சர் டியூப் டிவி கிடந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும், பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அண்ணனுக்கு இப்போதெல்லாம் சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் சில சாமான் கிடைப்பதில்லை. ஆட்டோ வாடகை என்னுடையது.